யாருக்கு வேண்டியவர்

ஒரே ஒரு ஊரிலே, அந்த ஊருக்கென்று ஒரே ஒரு பெட்டி இருந்ததாம். இருந்ததாம் என்று இழுப்பது கதை சொல்லிப் பழகிய வாய்க்காகத்தான். நடந்ததென்னவோ போன ஐப்பசியில், செம்பாறைக்குளம் பேரூராட்சி அலுவலகத்தில், பட்டப்பகல் பதினொன்றேகால் மணிக்கு.

பெட்டி என்று ஊர் சொன்னது கம்ப்யூட்டரை. அது மற்ற அலுவலகத்துக் கம்ப்யூட்டர்களைப் போல ஆக்கி முடித்த பொட்டலத்தை வாங்கிப் பிரித்துச் சாப்பிடுகிற பெட்டி இல்லை. ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் அதற்கு மூலம் வரவேண்டும், எழுதினவன் எழுதின எழுத்து அப்படியே வரவேண்டும், அதை வரிவரியாக வாசித்து, சரிபார்த்து, அரைத்து, தன் உடம்புக்கு ஒத்துக்கொள்கிற மாதிரி தானே ஆக்கிக்கொள்ளும். கடிதம் அடிக்கிற மென்பொருளைப் போட ஒரு முழுப் பகல் ஆனது. அந்தப் பகல் முழுக்கப் பெட்டி அடுப்பு மாதிரி கொதித்தது. ஊரில் பிறந்து வெளிநாடு போன ஓர் இன்ஜினியர் தன் அப்பா பேரில் கொடுத்துவிட்டுப் போன அன்பளிப்பு அது என்பதால், அப்பா பேர் எழுதின தகடு அதன் நெற்றியில் இருந்தது என்பதால், மாற்றவும் வழியில்லை.

பெட்டிக்கு ஒரு நியாயம் இருந்தது. பேர் சொல்லிக் கேட்டு வாங்கியவற்றையெல்லாம் அது உலகம் என்ற ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். உலகத்தில் பேர் உள்ள ஒன்றுக்கு இன்னொன்று வேண்டுமென்றால் அந்த இன்னொன்றும் இருக்கலாம். உலகத்திலும் பேர் இல்லாமல், உலகத்தில் உள்ள யாருக்கும் வேண்டியதாகவும் இல்லாமல் ஒன்று இருந்தால், சுத்தம் செய்யச் சொல்லும்போது பெட்டி அதை எடுத்துவிடும். ஆனால் தன் பதிவில் ஏறாததை மட்டும் தொடவே தொடாது. அதற்குத் தெரியாதது பத்திரமாக இருக்கும்.

அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளத் தற்காலிக ஆபரேட்டராக வந்தவள் தமயந்தி. சேர்ந்த அன்று செயல் அலுவலர் கோமதிநாயகம் அவளுடைய சான்றிதழ்களைப் புரட்டாமலே கேட்ட முதல் கேள்வி, "நீங்க யாருக்கு வேண்டியவங்க?" என்பது.

"யாருக்கும் இல்ல சார். பரீட்சை எழுதி வந்தேன்."

அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். அதற்குப் பிறகு அந்த மாதம் முழுக்க வந்தவர் போனவர் எல்லாரும் அதையே கேட்டார்கள், தலைவர் கேட்டார், குமாஸ்தா கேட்டார், குழாய் வரி கட்ட வந்தவர்கூடக் கேட்டார். பெட்டி பேசுகிற ஆங்கிலத்தையெல்லாம் தமிழாக்கி வைக்கும்படி உத்தரவு வந்தபோது, தமயந்தி பல்லைக் கடித்துக்கொண்டு, ஒன்றுக்கு இன்னொன்று தேவை என்று பெட்டி சொல்கிற இடத்திலெல்லாம் 'இவர் இன்னாருக்கு வேண்டியவர்' என்று எழுதினாள். யாருக்கும் தேவையில்லை என்கிற இடத்தில் 'யாருக்கும் வேண்டாதவை' என்று எழுதினாள். எழுதி முடித்துத் தனக்குள் சிரித்துக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்கு அவள் பிற்பாடு அழுதாள்.

யாருக்கும் இல்லை என்று அவள் சொன்னது பொய். அந்த அலுவலகத்திலேயே அவளுக்கு ஓர் ஆள் இருந்தாள். தினமும் காலையில் பின்வாசல் வழியாக வந்து, மூலையில் சாய்ந்திருக்கும் ஆளுயர இரும்புச் சாவியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, தெருத்தெருவாகப் போய்க் குடிதண்ணீர் வால்வுகளைத் திறந்து அடைத்து, இடையில் சாக்கடை அடைத்தால் அதையும் குத்திவிட்டு, பதினொன்றரைக்கு அலுவலகப் பானையில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போகிற சந்தனமாரி, தமயந்தியின் அம்மா. பதிவேட்டில் வால்வு இயக்குபவர் என்று இருந்த பேர் லோகாம்பிகா, தலைவருடைய மைத்துனி. லோகாம்பிகா மாதம் ஒருநாள் கையெழுத்துப் போட வருவாள். மற்ற நாளெல்லாம் அவளுக்குப் பதிலாகச் சந்தனமாரி என்பது பதினோரு வருடத்து ஏற்பாடு. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. தெரிந்தது என்று யாரும் சொல்லாத ஏற்பாடு.

எட்டு மைல் தள்ளியிருந்த கீழப்புதுக்குடியிலிருந்து அம்மா விடிகாலை பஸ்ஸில் வருவாள், மகள் ஒன்பது மணி மினிபஸ்ஸில் வருவாள். சந்தனமாரி எந்த ஊர், அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று பதினோரு வருடத்தில் செம்பாறைக்குளத்தில் ஒரு வாய் கேட்டதில்லை என்பதால், மறைக்க அவர்கள் மெனக்கெட வேண்டியிருக்கவில்லை. வேலை உத்தரவு வந்த அன்றே அம்மா சொன்னாள், "ஆபீஸ்ல என்னைய அம்மான்னு கூப்புட்டுராத தாயி. பெறகு நீ குடிச்ச டம்ளர்ல தண்ணி குடிக்க மாட்டாவ." தமயந்தி சரி என்றாள். அந்தச் சரியை எவ்வளவு வேகமாகச் சொன்னோம் என்று நினைத்தால் அவளுக்கு இப்போதும் காது எரிகிறது. அலுவலகத்தில் அவள் அம்மாவை 'ஏம்மா' என்று கூப்பிட்டாள். ஏம்மா பானை காலி, ஏம்மா சாவிய ஓரமா வைங்க. அம்மா என்ற சொல்லுக்கு முன்னால் ஓர் ஏகாரம் போட்டால் போதும், அது யாரோ ஒரு பொம்பளை ஆகிவிடும்.

இருந்தாலும் மனது கேட்காமல், ஒருநாள் எல்லாரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், அம்மாவின் பேர் இந்தக் கட்டிடத்தில் எங்காவது ஓர் இடத்தில் இருக்கட்டும் என்று, பெட்டிக்குள் சந்தனமாரி என்று ஒரு புதுப் பதிவு போட்டாள். 'இவர் யாருக்கு வேண்டியவர்?' என்று பெட்டி கேட்டது. அவள் எழுதிய தமிழிலேயே கேட்டது. அப்போது கதவு கிரீச்சிட்டது, குமாஸ்தா பல்குச்சியோடு உள்ளே வந்தார். தமயந்தி அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் பொத்தானைத் தட்டினாள்.

ஐப்பசியில் மேலிடத்திலிருந்து பரிசோதனை வரப்போவதாகவும் பெட்டியில் இடமே இல்லையென்றும் பேச்சு வந்தது. கோமதிநாயகம் ஆபரேட்டர் அறைக்கு வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்து, வேண்டாததையெல்லாம் கழித்துவிடச் சொன்னார். தமயந்தி முதலில் ஒத்திகை பார்த்தாள். கழிக்கப்போவது என்னென்ன என்று பெட்டி பட்டியல் போட்டது. பழைய எழுத்துரு, உடைந்த பிரிண்டருக்கான மென்பொருள், யாரோ எப்போதோ போட்ட சதுரங்கம், இப்படிப் பதினான்கு வரி. பதினைந்தாவது வரியில் சந்தனமாரி.

"சார், கடைசி வரியப் பாருங்க."

"யாரது?"

"வால்வு திறக்கிறவங்க சார்."

"வால்வு திறக்கிறது லோகாம்பிகால்லா. ரெஜிஸ்டர்ல அப்படித்தான இருக்கு."

அவள் வாயைத் திறந்தாள். எங்க அம்மா சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும், ஒரு மூச்சு ஆகுமா. அந்த ஒரு மூச்சில் அவள் பானையைப் பார்த்தாள், பானைமேல் கவிழ்த்திருந்த எவர்சில்வர் டம்ளரைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் கோமதிநாயகத்துக்குப் போதும். பேனா மூடியால் 'ஆம்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு, எவ்வளவு இடம் மிச்சமாச்சு என்று கேட்டார்.

பதினொன்றேகாலுக்கு மூன்றாம் வார்டு முக்கில் வால்வு திருகிக்கொண்டிருந்த சந்தனமாரி அங்கே இல்லாமல் போனாள். சத்தமில்லை, புகையில்லை. வெற்றிலைக் கடையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்கள், ஒரு பொம்பளை குனிந்திருந்தாள், பிறகு குனிந்திருந்த இடம் இருந்தது. இரும்புச் சாவி மட்டும் அரைத் திருகலில் தன்னந்தனியாக நின்றது. தமயந்தி ஓடிவந்து பார்த்தபோது அதன் குறுக்குப் பிடியில் கைச்சூடு இருந்தது.

ஊர் இதற்கு ஆச்சரியப்படவில்லை. டீக்கடை பிச்சுமணிதான் முதலில் முழு விவரத்தையும் சொன்னவர். பெட்டியே பட்டியல் போட்டுக் கழிச்சிருக்கு, யாருக்கும் வேண்டாதவங்கன்னு எழுதியே காட்டிருக்கு, மனுசன் சொன்னா ஒருவேளை பொய்யா இருக்கலாம், பெட்டிக்கு என்ன வந்தது என்றார். ஆமா என்றார்கள். பாவம் என்றும் இரண்டு பேர் சொன்னார்கள். அவள் பேர் சந்தனமாரியா என்று ஒருவர் கேட்டார், மாரியம்மா என்றல்லவா நினைத்தேன் என்றார், இல்லை அவ பேரு பேச்சி என்றார் இன்னொருவர். அதில் கொஞ்ச நேரம் வாக்குவாதம் நடந்தது. பிறகு வடை வந்தது.

மறுநாள் காலையில் பயம் வந்தது. அவளைக் கழித்த பெட்டி நாளைக்கு யாரைக் கழிக்கும் என்ற கேள்வி எந்த வீட்டில் முதலில் எழுந்ததோ தெரியாது, ஒன்பது மணிக்கு அலுவலக வாசலிலிருந்து தேர்முட்டி வரை வரிசை நின்றது. உலகத்துல எம் பேர ஏத்தணும் என்று வந்தார்கள். சிபாரிசுக் கடிதத்தோடு வந்தார்கள், கடிதம் இல்லாதவர்கள் கடிதம் எழுதித் தரக்கூடியவர்களுக்கு வேண்டியவர்களைத் தேடிப் போனார்கள். தலைவர் முதல் வரியில் ஏறினார், இரண்டாம் வரியில் அவருடைய மைத்துனி ஏறினாள், ஏழாம் வரியில் அவருடைய நாய் ஏறியது. எந்தக் கட்சியிலும் சேராத வாத்தியார் ஒருவர், தான் யாருக்கு வேண்டியவர் என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, கடைசியில் பிள்ளைகளுக்கு என்று எழுதச் சொன்னார், பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டு வரும்படி குமாஸ்தா திருப்பி அனுப்பினார். சுவர்த் தகராறில் ஒன்பது வருடம் முகம் பார்க்காத அண்ணன் தம்பி இரண்டு பேர் தோள்மேல் கை போட்டுக்கொண்டு வந்தார்கள். நீ எனக்கு வேண்டியவன்னு போடு, நான் உனக்கு வேண்டியவன்னு போடுதேன் என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டார்கள். வெளியே போய்ச் சுவரைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பேர்களையெல்லாம் தட்டச்சு செய்தது தமயந்தி. அழாமல் தட்டச்சு செய்தாள். கொடியில் அம்மாவின் சேலை காய்ந்தும் எடுக்காமல் கிடந்த வீட்டிலிருந்து மினிபஸ் பிடித்து வந்து, மெல்லிய குரலில் அடுத்தவங்க வாங்க என்று கூப்பிட்டு, ஒவ்வொருத்தரிடமும் யாருக்கு வேண்டியவங்க என்று கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்குள் ஒரு தீ ஏறியது. இவர்கள் மேலுள்ள தீயும் தன்மேலுள்ள தீயும் எது எதுவென்று பிரிக்க முடியாத ஒரே தீயாக அது எரிந்தது.

நாலாம் நாள் ஊர் உடைய ஆரம்பித்தது. மூன்றாம் வார்டு வால்வு அரைத் திருகலில் நின்றுவிட்டதால் தேரடித் தெருவில் குழாய்கள் நிறுத்தாமல் கொட்டின, ஒன்பதாம் வார்டில் காற்றுகூட வரவில்லை. லோகாம்பிகாவைக் கூப்பிட்டார்கள். அவள் பட்டுச்சேலையோடு வந்து சாவியைப் பார்த்து, இவ்வளவு பெரிசா என்றாள். திருநெல்வேலியிலிருந்து வந்த பிளம்பர் நாலைந்து வால்வுகளைத் திறந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். ஒன்று இடப்பக்கம் திருகினால் திறக்கிறது, ஒன்று வலப்பக்கம், ஒன்றைப் பாதி திருகிக் காலால் ஒரு மிதி மிதிக்க வேண்டும், ஒன்றில் துணி சுற்றி ஓடு சொருகியிருக்கிறது, பள்ளிக்கூடத்து வால்வை அடைக்காமல் ஆஸ்பத்திரி வால்வைத் திறந்தால் இரண்டுமே போகும், இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். எங்கேயும் எழுதியிருக்கவில்லை. மழை பிடித்துக்கொண்டது. சாக்கடை எழுந்து நடந்து வீட்டுக்குள் வந்தது. தலைவர் வீட்டுக்குள்ளும் வந்தது, அதற்கு அவருடைய உலகத்து முதல் வரி தெரியவில்லை.

ஒன்று எடுக்கப்பட்டபின் எவையெவை உடைந்து நிற்கின்றன என்று தேடிப் பார்க்க அந்தப் பெட்டியில் ஒரு கட்டளை உண்டு. தமயந்தி அதை ஓட்டினாள். பெட்டி ஊரையே எழுதியது. டீக்கடை, சந்தனமாரி இல்லாமல் ஓடாது. பள்ளிக்கூடம், சந்தனமாரி இல்லாமல் ஓடாது. கல்யாண மண்டபம், கோயில், மாதாகோயில், பள்ளிவாசல், ஆஸ்பத்திரி, தேரடித் தெருவின் நாற்பத்தொரு வீடுகள், செயல் அலுவலரின் மேசைமேல் இருக்கும் டம்ளர், எதுவும் சந்தனமாரி இல்லாமல் ஓடாது. அதையெல்லாம் அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள். கீழே ஒரு வரி சேர்த்தாள்: சந்தனமாரி தங்களுக்கு வேண்டியவர் என்று ஒப்புக்கொள்பவர்கள் உள்ளே வந்து பதிவு செய்யவும்.

அந்த ஒரு சொல்தான் ஊரைக் கொதிக்க வைத்தது. தண்ணீர் வராதது கொதிக்க வைக்கவில்லை, ஒரு மனுஷி இல்லாமல் போனது கொதிக்க வைக்கவில்லை. வேண்டியவள் என்றால் என்ன அர்த்தம், நம்ம வீட்டு விசேஷத்துக்கு அவ வந்து பந்தியில உக்காருவாளா, அவ வீட்டுல நாம கை நனைப்போமா, ஆபரேட்டர் பிள்ளைக்குத் தமிழ் தெரியுமா தெரியாதா என்று கத்தினார்கள். தங்கள் வீட்டு வரியை மட்டும் பலகையிலிருந்து கிழித்துக்கொண்டு போனார்கள். கோமதிநாயகம் சமாதானமாக, வேண்டியவர் என்பதை எடுத்துவிட்டுத் தேவைப்படும் நபர் என்று மாற்றிப் போட்டுவிடலாமே, அதில் யாருக்கும் சங்கடமில்லையே என்றார்.

"மாத்த மாட்டேன் சார்," என்றாள் தமயந்தி. குரல் எப்போதும் போல மெல்லியதாகத்தான் வந்தது. ஆனால் அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார்.

எட்டாம் நாள் நாற்றம் தாங்காமல் ஊரே அலுவலகத்துக்கு வந்தது. சரி, மறுபடியும் போடு அவளை என்றார்கள். தமயந்தி கட்டளை கொடுத்தாள். பெட்டி, மூலம் கிடைக்கவில்லை, மூலத்தைத் தரவும் என்றது.

"மூலம்தான? எனக்குப் பத்து வருசமா இருக்கு," என்றார் பிச்சுமணி. யாரும் சிரிக்கவில்லை.

எழுதினவன் எழுதின எழுத்து இல்லாமல் இந்தப் பெட்டியால் எதையும் ஆக்க முடியாது, அவளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததுதான் மூலம், ஒவ்வொருத்தராக வந்து சொல்லுங்கள் என்றாள் தமயந்தி. தலைவர் முதலில் வந்தார். சந்தனமாரி ஒரு நல்ல உழைப்பாளி, அமைதியானவர், ஊருக்குப் பெரும் தொண்டாற்றியவர் என்றார். சரிபார்ப்பு தவறியது, மூலம் பொருந்தவில்லை என்றது பெட்டி. அவரை நாங்கள் எங்கள் குடும்பத்தில் ஒருவராகவே என்று ஆரம்பித்தார், முடிப்பதற்குள் மூலம் பொருந்தவில்லை என்றது. இன்னும் பத்துப் பேர் வந்து, அவர் சொன்னதையே வேறு மாதிரி சொன்னார்கள். மூலம் பொருந்தவில்லை, மூலம் பொருந்தவில்லை என்று பெட்டி சொல்லிக்கொண்டே இருந்தது.

பிச்சுமணி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தார். திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்துச் சொன்னார். "என் கடையில அவளுக்குத் தனி டம்ளர். வெளிய ஜன்னல் கம்பியில மாட்டி வச்சிருந்தேன். அவளே எடுப்பா, அவளே கழுவி மாட்டிட்டுப் போவா. ரெண்டு சீனி போடச் சொல்லுவா, நான் ஒண்ணுதான் போடுவேன்."

பெட்டி ஒரு நொடி யோசித்தது. பிறகு அதன் வயிற்றுக்குள் காற்றாடி சுழலத் தொடங்கியது, முதல் வரி ஏறியது.

அதற்குப் பிறகு என்ன சொன்னால் பெட்டி ஏற்கும் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்ததால் பாதிப் பேர் குடையை எடுத்துக்கொண்டு நழுவினார்கள். மீதிப் பேர் ஒவ்வொருத்தராக வந்தார்கள். பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சர், ஆய்வு நாளில் கழிவறைகளைக் கழுவ வைத்துவிட்டுப் போட்டோ எடுக்கும்போது அவளை மதிலுக்குப் பின்னால் நிற்கச் சொன்னதைச் சொன்னார். தேரடித் தெரு வீட்டுக்காரி ஒருத்தி, குடிக்கக் கேட்டபோது தன் வீட்டுக்கு அவளே திறந்துவிட்ட தண்ணீரைக் கையில் ஊற்றியதைச் சொன்னாள். கோமதிநாயகம் வெகுநேரம் கனைத்துவிட்டு, "நான் அவங்களத் தண்ணின்னுதான் கூப்புடுவேன். பேரு கேட்டதில்ல," என்றார். லோகாம்பிகா வந்து, பதினோரு வருடமும் தான் கையெழுத்து மட்டும் போட்டதாகவும், பிரசவத்துக்கு அவள் நாலு நாள் வராதபோது ஆள் வைத்து மிரட்டியதாகவும், அந்தப் பிள்ளை தங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டதாகவும் சொன்னாள். தமயந்தியின் விரல்கள் அந்த வரியில் மட்டும் நின்றுபோயின. அவளுக்கு அப்போது பதினான்கு வயது. ஒரு தம்பி வந்து போனது அவளுக்குத் தெரியும், காரணம் தெரியாது. தெரியாததை இப்போது அவள் கையாலேயே தட்டச்சு செய்தாள்.

எல்லாம் ஏறிய பிறகு பெட்டி கடைசியாக ஒன்று கேட்டது. இவர் யாருக்கு வேண்டியவர்?

செய்த அநியாயத்தைச் சொல்லிவிட முடிந்தது, இதைச் சொல்ல முடியவில்லை. ஏதாவது ஒரு பேரைப் போடு என்றார் தலைவர். லோகாம்பிகாவுக்குன்னு போட்டுரு, அவளுக்குத்தான ஆள் வேணும் என்றார் குமாஸ்தா. லோகாம்பிகா, எனக்கு எதுக்கு என்று ஓர் அடி பின்னால் போனாள்.

"எனக்கு," என்றாள் தமயந்தி. "எனக்கு வேண்டியவ. எங்க அம்மா."

குமாஸ்தாவின் கண் தன்னை அறியாமல் பானைக்குப் போனது, பானைமேல் இருந்த டம்ளருக்குப் போனது, இத்தனை மாதமாக அதே டம்ளரில் ஆபரேட்டரும் குடித்ததை எண்ணிப் பார்த்தது. அந்தக் கண்ணைத் தமயந்தி பார்த்தாள். எழுந்து போய் அந்த டம்ளரில் தண்ணீர் மொண்டு, உதட்டில் வைத்து, சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு, வந்து உட்கார்ந்து, உலகத்தில் தன் பேரையும் ஒரு வரி ஏற்றி, வெறுமையாகக் கிடந்த கட்டத்தை அதே பேரால் நிரப்பினாள்.

மூன்று பகல் அரைத்தது பெட்டி. இவ்வளவு பெரிய மூலம் அதற்கு அதுவரை வந்ததில்லை. அறைச் சுவரெல்லாம் சுட்டது. அடைமழையில் துணி காயாத தெருக்காரர்கள், வெட்கத்தோடு என்றாலும், ஈரத் துணியைக் கொண்டுவந்து அந்த ஜன்னல் கம்பிகளில் விரித்துவிட்டுப் போனார்கள். தலைவர் வீட்டுப் போர்வையும் அங்கேதான் காய்ந்தது.

பதினோராம் நாள், பதினொன்றேகால் மணிக்கு, சந்தனமாரி முன்வாசல் வழியாக உள்ளே வந்தாள். மூன்றாம் வார்டு முக்கிலிருந்து சாவியைப் பிடுங்கித் தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். அந்தக் கட்டிடத்துக்குள் முதல் தடவையாகக் காலில் செருப்பு இருந்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒன்பதாம் வார்டு, சாக்கடை, ஆஸ்பத்திரி லைன் என்றார்கள். அவள் யார் முகத்தையும் பார்க்காமல் நேரே பெட்டி அறைக்கு வந்து, சாவியைத் தரையில் ஊன்றி அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

"என்னையப் பத்தி எழுதுனத வாசி," என்றாள் மகளிடம். "எனக்குத்தான் எழுத்து தெரியாதே."

"வேண்டாம்மா."

அந்தக் கட்டிடத்தில் ஏகாரமில்லாமல் வந்த முதல் அம்மா அது. சந்தனமாரியின் கண் ஒருமுறை மூடித் திறந்தது.

"வாசிங்கேன்லா."

தமயந்தி வாசித்தாள். தனி டம்ளரை வாசித்தாள், மதிலுக்குப் பின்னால் நின்றதை வாசித்தாள், கையில் ஊற்றிய தண்ணீரை வாசித்தாள், தண்ணி என்று கூப்பிட்டதை வாசித்தாள், தங்காத பிள்ளையை வாசித்தாள். சொன்னவர்கள் எல்லாரும் சுற்றி நின்றுகொண்டுதான் இருந்தார்கள். பார்ப்பதற்குத் தரையைத் தவிர அவர்களுக்கு வேறு இடமில்லை.

வாசித்து முடித்ததும் சந்தனமாரி சொன்னாள், "இதெல்லாம் எனக்குத் தெரிஞ்சதுதான். இவியளுக்கும் தெரிஞ்சுதான் இருந்திருக்குங்கதுதான் இன்னைக்குத் தெரியுது."

கோமதிநாயகம் எழுந்து நின்றார். அம்மா, உங்களை நிரந்தரமாக்கி உலகத்தில் முதல் வரியில் போடுகிறோம், தலைவருக்கும் மேலே போடுகிறோம் என்றார். தலைவரும் தலையை ஆட்டினார், வாசலில் நின்ற சாக்கடையின் வாடை அவரை ஆட்ட வைத்தது. சந்தனமாரி அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"கடைசியில யாருக்கு வேண்டியவன்னு போட்ட?"

"எனக்குன்னு."

"எழுத மட்டும் செஞ்சியா, வாயால சொன்னியா?"

"சொன்னேன்."

"இவிய எல்லாரும் இருக்கையிலயா?"

"இருக்கையிலதாம்மா."

"அப்பச் சரி. அழிச்சிரு." மகள் திகைத்துப் பார்த்ததும், "தனக்குத் தெரியாதத இந்தப் பெட்டி தொடாதுன்னு ஒருநா நீதான சொன்ன. எம் பேரையும் அழி, உம் பேரையும் அழி," என்றாள்.

தமயந்தி அழித்தாள். ஆளை எடுக்காமல் பதிவை மட்டும் எடுக்கிற வழி அவளுக்குத் தெரியும். இரண்டு வரிகள் திரையிலிருந்து போயின. இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள், முன்னைவிட அழுத்தமாக நின்றார்கள். இனி அந்தப் பெட்டியில் யார் எந்தப் பொத்தானை அழுத்தினாலும் அவர்களை ஒன்றும் செய்யாது.

சந்தனமாரி சாவியை நிமிர்த்தினாள். வால்வு இயக்குபவர் என்று பதிவேட்டில் பேர் உள்ளவளுக்கு முன்னால் போய் நின்று, அதை நீட்டினாள். லோகாம்பிகா இரண்டு கையாலும் வாங்கினாள். கனம் தாங்காமல் தோள் ஒரு பக்கம் இறங்கியது.

"எந்தப் பக்கம் திருகணும் மதினி?" என்று கேட்டாள். பதினோரு வருடத்தில் முதல் தடவையாக உறவுமுறை சொல்லிக் கூப்பிட்டாள்.

"ரெஜிஸ்டர்ல பாருங்க," என்றாள் சந்தனமாரி.

முன்வாசல் வழியாகவே இறங்கிப் போனாள். தமயந்தி பானைமேலிருந்த டம்ளரைத் தூக்கி எறியலாமா என்று பார்த்தாள், எறியாமல் அதன் இடத்திலேயே கவிழ்த்து வைத்துவிட்டு அம்மாவின் பின்னால் ஓடினாள். இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்குப் போகிற ஒரே சாலையில், ஒன்றாக, முதல் தடவையாக ஒரே பஸ்ஸுக்காக நடந்து போவதை ஊர் ஜன்னல் கம்பிகளுக்கு இடையில் காயப்போட்டிருந்த துணிகளை விலக்கிப் பார்த்தது.

பிறகு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பிச்சுமணிக்குக் கடையில் பால் காய்ந்துகொண்டிருந்தது, போனார். பெரிய டீச்சருக்கு மணியடிக்கிற நேரம் ஆகிவிட்டது. தலைவருக்கு ஒரு போன் வந்தது, வராத போனைக் காதில் வைத்துக்கொண்டே படியிறங்கினார். குமாஸ்தா சாப்பிடப் போனார். கோமதிநாயகம் டம்ளரை ஒருமுறை பார்த்து, தொடாமல், தாகத்தோடு போனார். துணிகளை எடுத்துக்கொண்டு தெருக்காரர்கள் போனார்கள். அறையில் பெட்டி ஆறிக்கொண்டிருந்தது.

லோகாம்பிகா கொஞ்ச நேரம் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைக் கூப்பிட யாரும் வரவில்லை. பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் சொருகிக்கொண்டாள், சாவியைத் தூக்கித் தோளில் வைக்கப் பார்த்தாள், முடியாமல் தரையில் இழுத்துக்கொண்டு, அது சிமெண்டில் கோடு கிழிக்கக் கிழிக்க, பின்வாசல் வழியாக மழைக்குள் இறங்கி மூன்றாம் வார்டைப் பார்த்து நடந்து போனாள்.